அக்கா மூடாமல் விட்ட டேக்

ஆபீசில் அவருக்குத் தாழ்ப்பாள் என்று பெயர். அடுத்தவர் டிராயர் திறந்திருந்தால் எழுந்து போய் மூடிவிட்டு வருவார். தண்ணீர் பாட்டில், பேனா, பாத்ரூம் கதவு, எதையும் விடுவதில்லை. கொட்டாவி விடுகிறவர்கள்கூட அவரைக் கண்டால் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

வெப்சைட் கட்டுகிற ஆளுக்கு இது நல்ல குணம்தான். எழுத்து எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் குறிதான் டேக்; தொடக்கத்தில் ஒன்றைத் திறந்தால் முடிவில் மூட வேண்டும். இருபது வருஷத்தில் அவர் ஒன்றைக்கூட விட்டதில்லை.

அக்கா நேர் எதிர். ஃபிரிட்ஜைத் திறந்துபோட்டுவிட்டு ஃபோன் பேசப் போகிற ரகம். தம்பியின் ஆபீஸ் நடத்திய டைரி வெப்சைட்டில் அவளுக்கும் ஒரு பக்கம் இருந்தது. மற்றவர்கள் டைப் அடித்தால் மெஷினே டேக் போட்டுக்கொள்ளும். அக்காவோ தம்பியிடம் கற்றுக்கொண்டு, டேக்கையெல்லாம் கையாலேயே எழுதினாள். மகள் பிறந்த பிறகு, பாப்பா என்ற சொல் வரும்போதெல்லாம் தடித்த எழுத்துக்கான டேக்கைத் திறப்பாள். மூடியதாகச் சரித்திரமே இல்லை.

“அதை மூடேன்க்கா.”

“போடா தாழ்ப்பாள். பிரவுசரே ஒண்ணும் சொல்லல, நீ யாருடா?”

உண்மைதான். விட்டதை பிரவுசர் தானே மூடிக்கொள்ளும்.

அக்கா போய் ஒன்பது வருஷம். மகளுக்குப் பதிமூன்று வயது. போன மாதம் வந்து கேட்டாள்: “மாமா, அம்மா என்னைப் பத்தி நிறைய எழுதினாங்களாமே. அப்பா சொன்னாரு. எனக்கு அது வேணும்.”

“சனிக்கிழமை வா, தர்றேன்.”

அந்த வாரமே, ஆபீஸ் கம்ப்யூட்டரில் தூங்கிக்கொண்டிருந்த டைரிகளைப் புது இடத்துக்கு மாற்றும் வேலையும் வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் எழுத்தையும், டேக்குகளைப் படித்துப் பிரிக்கும் பார்சர் என்ற புரோகிராமிடம் கொடுத்து, அது ஆவணமாகக் கட்டித் தருவதை வாங்கிச் சேமிக்கக் கம்ப்யூட்டருக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். சேமித்த கையோடு பழையதை அழிக்கவும் சொல்லியிருந்தார். பாதியில் நிற்கும் வேலை எதுவும் அவர் கண்ணில் படக் கூடாது.

எதிர் சீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். “ஸ்ட்ரிக்டாவா சார் போடறீங்க? சாதாவா போடுங்க. தப்பு கிப்பு இருந்தா அதுவே சரிபண்ணிக்கும்.”

“தப்பு இருந்தா எனக்குத் தெரியணும்மா. கத்தட்டும், நிறுத்திப் பார்த்துக்கறேன்.”

அங்கேதான் சறுக்கினார். பார்சர் கத்தாது. பிழை கண்ட இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு, பிழைச் செய்தியையும் அதுவரை படித்ததையும் ஓர் ஆவணமாக்கிப் பதவிசாகக் கையில் கொடுக்கும். உள்ளே பிழை இருக்கிறதா என்று நாம்தான் தேட வேண்டும். தேடுகிற வரியை அவர் எழுதவில்லை. டேக் மூடாத ஜென்மங்களுக்கான வரி என்று நினைத்தாரோ என்னவோ.

நாலாயிரம் பக்கம், பத்து நிமிஷம், ஒரு சத்தமில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்காவின் பக்கத்தைத் திறந்தார். உச்சியில் இளஞ்சிவப்புப் பெட்டி: இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் டேக் பொருந்தவில்லை, அதுவரை உள்ளது கீழே. கீழே கல்யாணத்துக்கு முந்திய புலம்பல்கள், சமையல் சொதப்பல்கள், மசக்கை. கடைசியாக ஒரு வரி, பாதியிலிருந்து தடித்த எழுத்தில்: “இன்று காலை பாப்பா வந்துவிட்டாள், காது மட்டும் அப்படியே தம்பி காது.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகான நாலு வருஷம் போயே போச்சு. நகல் வைத்திருந்த வட்டு எப்போதோ செத்திருந்தது. எதிர் சீட்டுப் பெண் எதையெதையோ போட்டுத் தோண்டிப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் வரல சார்” என்றாள்.

அன்று அவர் டிராயரைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனார். அவள்தான் எழுந்து வந்து மூடினாள்.

சனிக்கிழமை அக்கா மகள் புது நோட்டோடு வந்தாள். அந்த வரியைப் படித்தாள். தன் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

“மீதி, மாமா?”

“என் தப்பும்மா. நான்தான் அழிச்சுட்டேன்.”

வெகுநேரம் நோட்டின் ஓரத்தைச் சுரண்டினாள். பிறகு அவளே சமாதானத்துக்கு வந்தாள். “சரி, விடுங்க. நீங்க படிச்சிருப்பீங்கல்ல? ஞாபகம் இருக்கறதைச் சொல்லுங்க. ஒண்ணு ரெண்டு போதும்.”

அந்தப் பக்கத்தை அவர் நூறு தடவை பார்த்திருக்கிறார். எந்தெந்த வரியில் டேக் திறந்து கிடந்தது என்று கேட்டால் இப்போதும் சொல்வார்.

வாயைத் திறந்தார். திறந்தபடியே இருந்தது.

அவள் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.