மடியில் சாகும் வேலை

காதல் நாயகனாக நடிப்பவனுக்குச் சம்பளம் கிடையாது. கடைசிக் காட்சியில் நாயகியின் மடியில் சாகலாம், அவ்வளவுதான். இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில், ஒஸ்லோவில், வாரநாட்களில் ஆஸ்பத்திரித் தரை துடைத்தேன், ஞாயிறுகளில் செத்தேன். வெளிநாட்டுத் தமிழ்ச் சங்க நாடகத்தில் ஒருமுறையாவது வேஷம் கட்டியிருந்தால், என் கதை உங்களுக்குப் புரியும்.

ஊர் பேர் இல்லாதவன்

எங்கள் இயக்குநர் ராஜன் மாஸ்டர் பாரிஸில் பல வருடம் இருந்தவர். பிரெஞ்சு ரொமாண்டிக் நாடகமென்றால் அவருக்குப் பித்து. அதே பாணியில் தானே ஒன்று எழுதினார்: குதிரைக்காரன் ஒருவன் பிரபுவின் மகளைக் காதலித்து, விஷம் குடித்துச் சாகிறான். ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில் ஒரு பள்ளி மண்டபத்தில் முதல் ஒத்திகையன்று வகுப்பே எடுத்தார். அதுவரை அங்கே சோக நாடகமென்றால் அரசர்களுக்குத்தானாம். கதை ஒரே இடத்தில், ஒரே நாளில் முடியவேண்டுமாம். ரொமாண்டிக்காரர்கள் அதையெல்லாம் உடைத்து, அநாதையையும் கள்ளனையும் வேலைக்காரனையும் நடுமேடைக்குக் கொண்டுவந்தார்களாம்.

பிறகு என்னை எழுந்து நிற்கவைத்து, தோளில் கறுப்புப் போர்வையைப் போட்டார். "தம்பி, உம்மடை ஆளுக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை, நெஞ்சு மட்டும்தான். அதுதான் அவன்ரை வடிவு."

நீண்ட சாவு

விஷம் குடித்த பிறகு நான் பேசவேண்டியது மூன்று பக்கம். பிரபுவாக நடித்த கார்த்திக் சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்தவர். "பாஸ், இவ்வளவு நேரம் பேசினா ஆம்புலன்ஸே வந்துடும்" என்பார்.

நாயகி வாசுகி, சங்கத் தலைவரின் மகள், தாதிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். முதலில் என் தலையைப் பார்சலைப் பிடிப்பதுபோல் பிடித்தாள். ஐந்தாம் வாரம் நெற்றியில் கை வைத்தாள். அது மாஸ்டர் எழுதியதில் இல்லை. பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்: "ஆறுதலாச் சாகுங்கோ, அடுத்த டே-பானே ரயில் வர இன்னும் இருபது நிமிசம் இருக்கு."

முன்வரிசைக் கண்ணீர்

மேடையேறிய அன்று தலைவர் முன்வரிசையில் இருந்தார். பிரபு என்னை வாசலுக்கு வெளியே தள்ளிய காட்சியிலேயே கைக்குட்டையை எடுத்துவிட்டார். முடிந்ததும் மேடைக்கு வந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார், கட்டிப்பிடித்தார். என் கழுத்து நனைந்தது. நானும் வாசுகியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இனிப் பயமில்லை என்று நினைத்தோம், மடையர்கள்.

மைக்கை வாங்கிச் சபைக்குச் சொன்னார்: "இந்தப் பிள்ளைக்குப் பெட்டையைக் குடுக்காத அந்தத் தகப்பன் ஒரு மனுசனே?"

தேத்தண்ணி

இரண்டு வாரம் கழித்து மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்கப் போனேன். தேத்தண்ணி வந்தது, வடை வந்தது. "தம்பி ஊரிலை எவடம்?" என்றார் தலைவர். சொன்னேன். "அங்கை எந்தப் பக்கம்?" அதையும் சொன்னேன். "எந்த ஒழுங்கை?" எங்கள் சந்தின் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டார். மாஸ்டர் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் இந்த இடத்தில் நான் வாளை உருவுவேன். அங்கே வாசலில் கழற்றிவிட்ட சப்பாத்தைத் தேடினேன், தேத்தண்ணிக்கு நன்றியும் சொன்னேன். அந்த நன்றியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது.

வாசுகிதான் வாய் திறந்தாள். "அப்பா, அண்டைக்கு நீங்கள் அழுதனீங்கள்." தலைவர் கோபப்படவில்லை. "அது பிரான்சுக்காரன்ரை கதை, பிள்ளை."

இரண்டாம் சாவு

நோர்வேயில் கல்யாணத்துக்கு எவருடைய அப்பாவின் சம்மதமும் தேவையில்லை. வாசுகியிடம் சொன்னேன். "அம்மா தனிச்சுப் போவா" என்றாள். அதற்கு மூன்று பக்க வசனம் என்னிடம் இல்லை. அடுத்த கோடையில் ஸ்தவாங்கரில் ஒரு எண்ணெய்க் கம்பனி எஞ்சினியருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். சாதி, ஒழுங்கை எல்லாம் பொருத்தம்.

அந்த வருடமும் அதே நாடகம், வேறு நாயகி. ஏன் போனேன் என்று கேட்காதீர்கள், வேறு எங்கே போவது? தலைவர் மறுபடியும் முன்வரிசையில் இருந்து அழுதார். திரை விழுந்ததும் மாஸ்டர் வந்து என் தோளில் தட்டினார்: "போன முறையைவிட இந்த முறை நல்லாச் செத்தனீர், தம்பி."

பிரெஞ்சுக்காரரின் நாயகனுக்கு விஷத்தோடு கதை முடிந்துவிடுகிறது, நமக்குத்தான் திங்கட்கிழமை ஆறு மணிக்குத் தரை துடைக்கப் போகவேண்டியிருக்கிறது.