லீவுக்காகக் கேட்ட மழை

போன ஆனி மாதம் முழுவதும், காலையில் சேலை கட்டும்போதே எனக்கு வகுப்பை நினைத்துப் பயம் வந்துவிடும். நான் பி.எட். மாணவி. தென்காசியில் விடுதியில் தங்கி, ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கற்பித்தல் பயிற்சிக்காகப் போய்க்கொண்டிருந்தேன். பிள்ளைகளிடம் நன்றாகத்தான் பேசுவேன். எங்கள் கல்லூரி மேடம் பார்வையிட வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் போதும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை பாதிப் பாடத்தில் வாயடைத்து நின்றேன். பிள்ளைகள் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. இன்னொரு முறை இப்படி ஆனால் படிப்பை விட்டுவிட்டு எங்கள் ஊர் அச்சன்புதூருக்கே போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

மேடம் மறுபடி வருவதற்கு முந்தின நாள் மாலை, பெரிய கோயிலில் உலகம்மன் முன்னால் போய் நின்றேன். தைரியம் கொடு என்று கேட்டிருக்கலாம். அந்தப் புத்தி வரவில்லை.

"தாயே, நாளைக்கு மழைய ஊத்தவிட்டு ஸ்கூலுக்கு லீவு விட வச்சிரு" என்று அழுதேன்.

கூட வந்த தோழி செல்விக்கு ஒரே சிரிப்பு. "ஏட்டி, மேடம் அடுத்த நாள் வருவாங்கல்லா? அன்னைக்கும் மழை கேப்பியா?"

மறுநாள் விடிந்தபோது குற்றாலத்து மலையே தெரியவில்லை. அப்படி ஒரு மழை. அம்மன் கேட்டுவிட்டாள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனால் லீவு மட்டும் விடவில்லை!

நீர்ச்சுழற்சிப் பாடத்துக்காக ஸ்கெட்ச் பேனாவால் பாடுபட்டு ஒரு சார்ட் வரைந்திருந்தேன். போகிற வழியில் அது குடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. வகுப்பில் விரித்து மாட்டினால், கடலும் மேகமும் ஒன்றாகக் கரைந்து நீலமாக ஒழுகிக்கொண்டிருந்தது. கடைசி பெஞ்சில் மேடம். என் நாக்கு ஒட்டிக்கொண்டது.

முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். "டீச்சர், ஒங்க படத்துல நெசமாவே மழை பெஞ்சிட்டு!"

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் பேச்சும் வந்துவிட்டது. "சரி, இந்தத் தண்ணி எங்கன இருந்து வந்துச்சு?" என்று கேட்டேன். பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டி மேகத்தைச் சொன்னார்கள், கடலைச் சொன்னார்கள், நாங்கள் குளிக்கும் அருவியைச் சொன்னார்கள். மனப்பாடம் செய்து வைத்திருந்ததில் ஒரு வரிகூட நான் சொல்லவில்லை. மணி அடித்த பிறகுதான் மேடம் இருந்ததே நினைவுக்கு வந்தது.

"சார்ட்டு போனா போகுது. இன்னைக்குத்தான் நீ பிள்ளைகள பாத்துப் பேசுன" என்று மேடம் என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். கண்ணீர் வந்துவிட்டது.

இப்போது காலையில் அந்தப் பயம் இல்லை. நன்றாகப் பசிக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் செல்வியோடு கோயிலுக்குப் போகிறேன். "இன்னைக்கு என்னட்டி கேக்கப் போற?" என்று அவள் கிண்டல் செய்தாலும் கூடவே வருகிறாள்.

என்னைப் போல வகுப்பை நினைத்துப் பயப்படுகிறவர்கள் இருந்தால், வெட்கப்படாமல் உலகம்மனிடம் போய்ச் சொல்லுங்கள். எப்படிக் கேட்பது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நான் தப்பாகத்தான் கேட்டேன். அவள் சரியாகத்தான் கொடுத்தாள்.