சொந்த வீட்டுப் பாட்டு

சாவு வீட்டில் கானா பாடுவதுதான் சிட்டிபாபுவின் பிழைப்பு. பெரிய காஞ்சிபுரத்தில் எந்தத் தெருவில் எழவு விழுந்தாலும் அவரைத் தேடி ஆள் வந்துவிடும். போனதும் செத்தவர் பேரையும் பிள்ளைகள் பேரையும் கேட்டுக்கொள்வார். பாட்டு நடுவே அந்தப் பேர்கள் வந்து விழும்போது கல்நெஞ்சுக்காரனும் உடைந்துபோவான். பாடை தூக்குமுன் மூத்த மகன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும், பேரம் கிடையாது. சொந்த வீட்டுச் சாவுக்குப் பாடினால் மட்டும் கூலி தொடக்கூடாது. பாடுகிறவர்களுக்குள் அப்படி ஒரு கட்டு.

போன வருஷம் அவர் மனைவி சுகாசினி போய்ச் சேர்ந்தாள். பிள்ளை குட்டி இல்லை. தலைமாட்டில் உட்கார்ந்து அவள் பேரைச் சொல்லிச் சொல்லி அவரே பாடினார். பந்தலுக்கு ஸ்பீக்கர் கட்ட வந்த விக்னேஷ் அதை முழுசாகப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றிவிட்டான்.

பாட்டு பிய்த்துக்கொண்டு போயிற்று. விளம்பரம் வந்தது, விக்னேஷ் புது பைக் வாங்கினான். பாடிய மனுஷனுக்கு ஒரு டீ கூட வரவில்லை. அதைவிடக் கொடுமை, எழவு வீடுகளில் அந்தப் பாட்டையே ஸ்பீக்கர் செட்டில் போட்டுவிட்டு அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஓசியில் குரல் கிடைக்கும்போது ஆள் எதற்கு?

"நான் ஏத்தலன்னா உன்ன யாருக்கு மாமா தெரியும்?" என்றான் விக்னேஷ், வண்டியைத் துடைத்துக்கொண்டே.

சிட்டிபாபு திரும்பி நடந்தார். பங்கு கேட்டால் பெண்டாட்டி சாவுக்குக் கூலி கேட்டவர் ஆகிவிடுவாரே! ஒற்றை ஆளாக வடித்துத் தின்றார். வடிக்க அரிசி இல்லாத நாளும் வந்தது.

பக்கத்துக் கிராமமான கூரத்தில் ஒரு சாவு என்று கேள்விப்பட்டு, கூப்பிடாமலே பஸ் ஏறினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. பந்தலில் அவர் குரல்தான் ஓடிக்கொண்டிருந்தது. செத்தவரின் மகன் ராமலிங்கம் யூடியூபில் பார்த்த ஆளை அடையாளம் கண்டு ஓடி வந்து நோட்டுகளைக் கையில் திணித்தான்.

"வேணாம்பா. இது எங்க வூட்டுச் சாவுக்குப் பாடுனது, இதுக்குக் கூலி வாங்க மாட்டேன். செட்ட நிறுத்து. உங்கப்பா பேர வச்சிப் பாடுறேன், அதுக்குக் குடு."

"பொம்பளைங்கல்லாம் அழுதுகினு இருக்காங்கண்ணா. இது முடியட்டும்."

ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பதிவைக் கேட்க இதுவரை அவருக்குத் துணிவு வந்ததில்லை. வீட்டில் சுகாசினி என்று சொல்ல அவரைத் தவிர யாருமில்லை; இங்கே இத்தனை பேர் நடுவில் அந்தப் பேர் கேட்கப்போகிறது.

அவள் பேர் வரும் அடி வந்தது. பேர் வரவில்லை. அந்த இடத்தில் வெறும் மேளம். அடுத்த அடியிலும் அப்படியே. எல்லார் வீட்டுக்கும் பொருந்தட்டும் என்று விக்னேஷ் அவளை மட்டும் வெட்டி எடுத்திருந்தான்.

யாருக்கோ அழுத பெண்களோடு சேர்ந்து அவரும் அழுது தீர்த்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ராமலிங்கத்திடம் போய்க் கையை நீட்டினார்.

"அந்தக் கூலியக் குடுப்பா. இது எங்க வூட்டுப் பாட்டு இல்ல."