வாசலில் சிவப்புத் தண்ணீர்

என் காரில் இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் குறைகிறது என்று நான் கண்டுபிடித்த அதே வாரத்தில்தான் என் மனைவி தூக்கம் கெட்டுத் திரிவதையும் கவனித்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். கத்துவது எனக்குச் சுலபமாக வரும்.

வளைகாப்பு முடிந்து மகள் சங்கரன்கோவிலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். முந்தின பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. இதுவாவது கைக்கு வந்து சேரவேண்டும் என்பதைத் தவிர வீட்டில் யாருக்கும் வேறு நினைப்பில்லை. ஆனால் ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. டாக்டர் இருப்பது திருநெல்வேலியில், ஒன்றரை மணி நேரப் பயணம். ஆத்திர அவசரத்துக்கு வண்டி வழியில் படுத்துவிடக் கூடாதே என்று, மகள் வந்து பதினைந்தாம் நாள் காரைக் கம்பெனி சர்வீசுக்கு விட்டேன்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று முழு வேலையையும் பார்த்தேன். நில அளவை வேலையில் முப்பது வருடம் இருந்தவன். அடுத்தவன் அளந்ததை நம்பிப் பழக்கமில்லை. பழைய கூலன்ட் பச்சைப் பசேலென்று தட்டில் வடிந்தது. "இனிமே இந்தச் செவப்புதான் சார் ஊத்துதோம்" என்று புது டப்பாவைக் காட்டினான் அங்கிருந்தவன். ரத்தச் சிவப்பு. அதைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் பானெட்டைத் திறந்தால் கூலன்ட் டப்பாவில் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. பேனாவால் கோடு போட்டேன். மறுநாள் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. எங்கோ ஒழுகுகிறது என்று குனிந்து பார்த்தால் தரையில் ஒரு சொட்டில்லை. வாசல் கேட்டை ஒட்டி, மூக்கு வெளியே பார்க்கத்தான் வண்டியை நிறுத்துவேன். அந்த இடத்து சிமெண்டுத் தரை துடைத்து வைத்தது மாதிரி இருந்தது. கம்பெனிக்குத் திரும்பக் கொண்டுபோனேன். ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்து, "லீக்கே இல்ல சார், ஏர் வெளியேறியிருக்கும்" என்று டப்பாவை நிரப்பிக் கொடுத்தார்கள். ஏர் என்ன என் வீட்டு விருந்தாளியா, தினம் ஒரு விரற்கடை குடித்துவிட்டுப் போக? நன்றாகச் சத்தம் போட்டுவிட்டு வந்தேன்.

அந்த நாட்களில் வீட்டில் சில விஷயங்கள் சரியாக இல்லை. மனைவி மகளை முன்வாசல் வழியாக விடவில்லை. நடக்கவேண்டுமென்றால் பின்பக்கச் சந்து வழியாகப் போ என்றாள். மகள் காரணம் கேட்டதற்கு, "வெயிலு, மக்கா" என்றாள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஏது வெயில்? கல்லுப்பு ஜாடி இரண்டு தடவை காலியானது. ஒருநாள் காலை ஏழு மணிக்கு வழக்கம்போல நான் குனிந்து பார்த்தபோது, ஒரு தெருப்பூனை வண்டிக்கு அடியில் வெறும் தரையை நக்கிக்கொண்டிருந்தது. ஒன்றுமே இல்லாத தரையை, ஒரே இடத்தில், விடாமல் நக்கியது. விரட்டினேன். அதற்குப் பிறகு அந்தப் பூனையை நான் பார்க்கவில்லை.

செக்கப் நாளன்று மூன்று பேரும் கிளம்பினோம். பனவடலிசத்திரம்கூடத் தாண்டவில்லை, சூடு காட்டும் முள் மேலே ஏறி, பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. ஓரங்கட்டினேன். பின்சீட்டில் மகள் வயிற்றில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். நல்லவேளை, கூப்பிடு தூரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. அங்கிருந்து வந்த மெக்கானிக் அவசரப்படவில்லை. வேப்பமரத்து நிழலில் வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லி, முழுசாக ஆறும்வரை காத்திருந்தார். பிறகு கைவிளக்கை அடித்துக் காட்டினார். ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் ஓஸின் முனையில் ஒரு சிவப்புச் சொட்டு திரண்டு, கீழே விழுந்தது.

"கிளிப்ப சரியா முறுக்காம விட்டுருக்கான், அண்ணாச்சி. சூட்டுல ரப்பர் விரிஞ்சு அடைச்சுக்கிடும். ஆறுன பொறவுதான் சொட்டும். கம்பெனியில ஓடவிட்டுப் பாத்தா எப்படித் தெரியும்? ஆமா, காலையில வண்டிக்கடியில பாக்க மாட்டீயளா?"

"தினமும் பாக்கேன் வே! ஒரு பொட்டு ஈரங்கூட இல்ல" என்றேன்.

"அது எப்படி? நிச்சயம் கெடந்திருக்கணுமே."

மனைவி காரிலிருந்து இறங்கி வந்தாள். குனிந்து, தரையில் விழுந்த சிவப்பை விரலால் தொட்டு முகர்ந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இததான் நான் தெனமும் கழுவுனேன்" என்றாள்.

விடியுமுன் வாசல் தெளிக்கப் போகிறவள் கேட்டடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புத் தண்ணீரைப் பார்த்திருக்கிறாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் சுற்றிக் கழிக்கிற ஆலம் என்று நினைத்திருக்கிறாள். யாரோ தங்கள் வீட்டுப் பீடையைக் கழித்து, அந்தத் தண்ணீரைப் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டு வாசலில் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். மகள் மிதித்துவிடக் கூடாது. சொன்னால் நான் தெருவையே கூட்டிச் சண்டை போடுவேன், மகள் காதுக்கும் போய்விடும். அதனால் யாருக்கும் தெரியாமல் உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். நான் எழுந்து வருவதற்குள் தரை காய்ந்துவிடும்.

மகள்தான் முதலில் சிரித்தாள். "யம்மா, வண்டிக்கா சுத்திப் போட்ட?" என்று கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மெக்கானிக்கும் சிரித்தார். நானும் சிரித்தேன். பல நாளைக்குப் பிறகு நெஞ்சு லேசானது. அவர் கிளிப்பை இறுக்கிவிட்டு, ஊருக்குப் போனதும் ஓஸை மாற்றிவிடச் சொன்னார். டாக்டரும் குழந்தை நன்றாக இருப்பதாகச் சொன்னார். திரும்பி வருகிறபோது காரை எங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம்.

மகள் படுத்த பிறகு மனைவியைக் கொஞ்சம் சீண்டினேன். "பத்து நாளா கம்பெனிக்காரன் தப்ப நீ கழுவியிருக்க."

அவள் சிரிக்கவில்லை. "பத்து நாளா? இவ வந்த மறுநாளே கெடந்துச்சுங்க. அன்னையிலருந்து கழுவுதேன்."

மகள் வந்து பதினைந்து நாள் கழித்துத்தானே வண்டியை சர்வீசுக்கு விட்டேன்? அதுவரை வண்டியில் இருந்தது பச்சை. தட்டில் வடிந்ததை என் கண்ணால் பார்த்தேன். நாளைத் தப்பாகக் கணக்கு வைத்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மகள் விஷயத்தில் அவள் ஒரு நாளைக்கூடத் தப்பாகச் சொன்னதில்லை.

மறுநாள் அவளுக்கு முன்பே விழித்துவிட்டேன். வெளுக்கத் தொடங்கியிருந்தது. கதவைத் திறந்து வாசலுக்குப் போனேன். வண்டி இல்லாமல் வாசல் பெரிதாகத் தெரிந்தது. கேட்டடியில், உள்ளங்கை அகலத்துக்கு, சிவப்பாகக் கிடந்தது.

முகர்ந்து பார்க்கவில்லை. முகர்ந்திருந்தால் ஆலமா வேறேதுமா என்று தெரிந்திருக்கும். இத்தனை வருடம் எதையும் அளக்காமல் விட்டதில்லை, இதை விட்டுவிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. அடுப்படியிலிருந்து கல்லுப்பை அள்ளிவந்து போட்டு, விளக்குமாற்றால் தேய்த்து, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். நிமிர்ந்தபோது மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள்.

"என்ன கழுவுதீய?" என்றாள்.

"வண்டி ஒழுகியிருக்கு" என்றேன்.

வண்டி நிற்கிற இடத்தை அவள் பார்த்தாள். அது வெறுமனே கிடந்தது. பிறகு உள்ளே திரும்பி, மகள் படுத்திருந்த அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். ஜாடியில் மிச்சமிருந்த உப்பை எடுத்துவந்து, என் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கிக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் சரியாப் போகல" என்றாள்.