போளூர் பீன்ஸ் தோட்டத்தில் தொலைந்த கைத்தடி

ஒரே ஊருக்கு இரண்டு மாதத்துக்குள் இரண்டு தடவை போன கதை இது. ஜூனில் ஊர் சுற்றப் போனேன். ஜூலைக் கடைசியில் ஒரு கைத்தடியைத் தேடிப் போனேன். "ஒரு குச்சிக்காகவா மதுரையிலிருந்து மலையேறுறே?" என்று என் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொள்ளட்டும்.

மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் அலுமினியத் தடி அது. நீட்டலாம், மடக்கலாம், பிடியில் நீல நாடா சுற்றியிருக்கும். என் வீட்டுக்காரருடையது. பதினோரு வருடமாக அவர் அதை ஊன்றி முன்னால் நடப்பார், நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போவேன். போன வருடம் அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. மெதுவாக நடக்கலாம், வெளியூருக்கும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனிதர் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. "இனிமே எனக்கெதுக்கு, நீ வச்சுக்க" என்று தடியைக் கொடுத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜூன் பயணத்தில் மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்குப் பஸ். நான்கு மணி நேரம். மறுநாள் பூம்பாறை, மன்னவனூர் வழியாகப் போளூருக்கு ஜீப்பில் போனேன். சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகள் இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிடும். தலைக்கு நூற்றைம்பது ரூபாய் வாங்கினார்கள். காலாற நடந்துவிட்டு, ஒரு தோட்டத்து ஓரம் தடியை மண்ணில் ஊன்றிவைத்து, உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தேன். திரும்பிப் போகும் ஜீப்பும் மழையும் சேர்ந்தே வந்தன. "யக்கா, வெரசா ஏறுங்க, மழை புடிச்சா ரோடு வழுக்கும்" என்றார் டிரைவர் சேவியர். ஏறிவிட்டேன். கொடைக்கானலில் இறங்கி நடக்கும்போதுதான் கை சும்மா இருப்பது உறைத்தது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "போகட்டும் விடு" என்றார், அவ்வளவுதான். பழைய மனிதராக இருந்தால் அந்தப் போனிலேயே ஒரு மூச்சுத் திட்டியிருப்பார். திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எது தொலைந்தாலும் இவருக்கு இனி ஒன்றுமில்லை என்றல்லவா ஆகிவிட்டது! அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தத் தடியைக் கொண்டுவந்து அவர் கண் முன்னால் வைத்துவிட வேண்டும் என்று மறுபடியும் கிளம்பினேன்.

சேவியரையே தேடிப் பிடித்தேன். "கம்பு கெடைக்குமான்னு தெரியலக்கா, ஏறுங்க பாப்போம்" என்றார். ஜூனில் வெறும் மண்ணாகப் பார்த்த இடம் அடையாளமே தெரியவில்லை. வரிசை வரிசையாகக் கொடி படர ஊன்றிய சீகை மரக் குச்சிகள், எல்லாவற்றிலும் பட்டர் பீன்ஸ் கொடி. நடுவில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்த தோட்டக்காரம்மா பாண்டியம்மாவிடம் விசாரித்தேன்.

"நீல நாடா சுத்துன கம்பா? அந்தா மூணாவது வரிசையில நிக்குதே."

நின்றது. பிடி வரைக்கும் கொடி சுற்றி, நாடாவின் மேல் வெள்ளைப் பூக்கள்.

"எங்கூர்ல குச்சி மிச்சம் இருக்கவுக, இல்லாதவுக தோட்டத்து ஓரத்துல ஊனி வச்சுட்டுப் போயிருவாக. கேக்க மாட்டோம், சொல்லவும் மாட்டோம். எனக்கு ஒரு குச்சி கொறஞ்சுச்சு. யாரோ புண்ணியவதி வச்சிருக்காகன்னு எடுத்து ஊனிட்டேன்" என்றார். பிறகு பதறிப்போய், "ஒங்களுதாக்கா? ஒரு கொடிதானே, அறுத்துத் தாரேன்" என்று அரிவாளை எடுத்தார்.

"இருங்க, இருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பி, போன் போட்டேன். சிக்னல் ஏதோ புண்ணியத்துக்கு இருந்தது.

"இரு, போட்டோவப் பாக்குறேன்" என்றார் வீட்டுக்காரர். பிறகு, "பூத்திருக்கு போல?" என்றார்.

"ஆமாங்க. கொடிய அறுத்துத் தாரேங்குறாங்க."

"கூறுகெட்டவளே, பூத்த கொடிய அறுப்பாங்களா? விட்டுட்டு வா." எத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு திட்டு! எனக்குத் தேன் குடித்ததுபோல் இருந்தது. "காய் எப்பப் பறிப்பாங்களாம், கேளு."

போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. "செப்டம்பர்ல பறிப்போம் சார். நீங்களும் வாங்க, வந்து ஒங்க கம்ப நீங்களே எடுத்துக்கங்க" என்றார் பாண்டியம்மா.

போனை என் பக்கம் திருப்பினேன்.

"அந்தத் தோட்டம் வரைக்கும் ஜீப் போகுமா?" என்றார் வீட்டுக்காரர்.

நான் சேவியரைப் பார்த்தேன். அவரே போனை வாங்கி, "வரப்பு வரைக்கும் போகும் சார். குலுங்காம கூட்டியாறது என் சோலி" என்றார்.

இனிப் போகிறவர்களுக்கு: சொந்த வண்டி என்றால் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலைக் கொடைக்கானலிலேயே போட்டுவிடுங்கள். மழைக் கோட்டு இல்லாமல் போகாதீர்கள். மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிடும், அதனால் காலையில் வெள்ளனே கிளம்புங்கள். தோட்டத்து ஓரம் எதையும் ஊன்றிவைக்காதீர்கள். வைத்தால் அது தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இதய நோயாளிகளை அழைத்துப் போகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு, கொடைக்கானலில் ஒரு ராத்திரி தங்கி ஓய்வெடுத்துவிட்டுப் போவது நல்லது. நாங்களும் டாக்டரிடம் கேட்டாயிற்று. அறையை நான் பதிவு செய்துவிட்டேன். ஜீப்பின் முன் சீட்டுக்குச் சேவியரிடம் சொல்லி வைக்கலாம் என்று நேற்றுப் போன் போட்டால், "சார் அன்னைக்கே பேசி வச்சுட்டாருக்கா" என்கிறார்.