உறுமி ஒலித்தபோது விழுந்தவர்கள்

காலை எட்டு மணிக்கு, மலேசியத் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் நான் தங்கியிருந்த விடுதியை விட்டு இறங்கியபோது, எதிரிலிருந்த உணவுக்கடையில் தேவகி காத்திருந்தார். இளையோரின் உடல்நலத்தையும் இறப்பையும் ஆராயும் குழுவொன்றின் களப்பணியாளர் அவர். இறந்தவரின் இறுதி நாள்கள் எவ்வாறு கழிந்தன என்று பெற்றோரிடம் கேட்டறிந்து மருத்துவர்களுக்கு அளிப்பது அவர் பணி. மக்கள்தொகையியல் கற்பித்து ஓய்வுபெற்ற நான், எண்களாக மட்டுமே அறிந்திருந்த சாவுகளை அவை நிகழ்ந்த வீடுகளில் அறிய விரும்பி மதுரையிலிருந்து வந்திருந்தேன்.

தோசைக்கும் தேநீருக்கும் ஐந்து மலேசிய வெள்ளி கொடுத்துவிட்டுப் போர்ட் கிள்ளான் துறைமுகத்துக்குச் செல்லும் தொடர்வண்டியில் ஏறினோம். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. பதினாறாம் நாள் சடங்கு முடியுமுன் எந்த வீட்டையும் அணுகுவதில்லை என்று தேவகி வழியில் சொன்னார்.

பத்து மணியளவில், துறைமுகச் சாலையை ஒட்டிய அடுக்ககத்தின் நான்காம் மாடியை அடைந்தோம். அங்கே குடியிருந்த மாலதி பண்டகசாலையில் வேலை செய்பவர். நான் உடனிருப்பதற்கு முன்னரே இசைந்திருந்தார். அவருடைய பத்தொன்பது வயது மகன் தினேஷ் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இறந்து மூன்று திங்கள் ஆகியிருந்தது. அவனுடைய தலைக்கவசம் இன்னும் காலணி அடுக்கின்மேல் இருந்தது.

வேகமாக ஓட்டி விழுந்தான் என்று ஊரார் முடிவு கட்டிவிட்டனர். அதுதான் அந்தத் தாயை அரித்துக்கொண்டிருந்தது.

"ரேஸ் விட்டான்னு சொல்றாங்க மிஸ். சிக்னல்ல நின்னுக்கிட்டு இருந்த பையன். பின்னால லோரிக்காரன் ஹார்ன் அடிச்சான், இவன் அப்படியே சாஞ்சிட்டான். கூட இருந்த கூட்டாளி பார்த்தான் லா."

தேவகி எழுதுவதை நிறுத்தினார். முன்பு எப்போதாவது மயங்கி விழுந்தானா என்று கேட்டார். இல்லை என்றார் மாலதி. பிறகு, கோயிலில் மட்டும் விழுவான், அது மயக்கமன்று என்றார்.

"உறுமி அடிச்சா சாமி வந்துரும். ஆட மாட்டான், கத்த மாட்டான், பொத்துன்னு விழுவான். தண்ணி தெளிச்சா எழுந்திரிச்சிருவான்."

அதைச் சொல்கையில் அவர் முகத்தில் பெருமிதம் தெரிந்தது. சமையலறையிலிருந்து சர்பத் கொண்டுவந்த மகளைக் காட்டி, "இப்ப இவளுக்கு இறங்கியிருக்கு. போன மாசம் திருவிழாவுல" என்றார்.

கவிதாவுக்குப் பதினாறு வயது. "எனக்கு ஒண்ணும் தெரியல அக்கா. சத்தம் கேட்டுச்சு, அப்புறம் தரையில கிடந்தேன்" என்றாள்.

ஒலியால் அதிர்ந்து துடிப்பு தடுமாறும் இதயங்கள் சில குடும்பங்களில் உண்டு என நான் படித்திருக்கிறேன். தேவகி அதை என்னிலும் முன்பே எண்ணியிருக்க வேண்டும். தாம் மருத்துவர் அல்லர் என்று சொல்லிவிட்டு, இன்றே இதயத்தைச் சோதிக்க வேண்டும் என்றார்.

மாலதியின் குரல் இறுகியது. "அம்மன ஏதும் சொல்லாதீங்க மிஸ்."

"அம்மன நான் ஒண்ணும் சொல்லலக்கா. கவிதா தங்கச்சிக்கு நெஞ்சு மட்டும் பார்த்துருவோம். நானும் வரேன்."

மாலதி எழுந்து, தலைக்கவசம் இருந்த அடுக்கிலிருந்து மகளின் காலணியை எடுத்துத் தந்தார்.

அரசு கிளினிக்கில் கவிதாவின் துடிப்பைப் பதிவு செய்த தாளை மருத்துவர் இருமுறை பார்த்தார். இயல்பாக இல்லை, இன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்றார். அதுவரை ஓடவும் கூடாது, உறுமி அருகே நிற்கவும் கூடாது. தாளில் வளைந்து சென்ற கோடுகளை மாலதி விரலால் தொட்டுப் பார்த்தார்.

ஆம்புலன்ஸில் மகளோடு ஏறுமுன் தேவகியின் கையைப் பற்றிக்கொண்டார். "தினேஷுக்கும் இதுதான்னா அப்படியே எழுதுங்க மிஸ். வேகமா போனான்னு மட்டும் எழுதாதீங்க."

தேவகியும் அவர்களோடு மருத்துவமனைக்குச் செல்ல, மாலை ஐந்து மணித் தொடர்வண்டியில் நான் தனியே திரும்பினேன். மதுரையில் எங்கள் தெருவிலும் ஆடித் திருவிழாவில் பம்பை முழங்கும்போது பிள்ளைகள் விழுவதுண்டு. தண்ணீர் தெளித்துத் திருநீறு பூசுவோம்; கண் விழித்ததும் கைகூப்பிக் கலைந்து செல்வோம். அடுத்த ஆடியில் நான் கலைந்து செல்லப் போவதில்லை. முன்பும் இப்படி விழுந்தாயா, உன் வீட்டில் வேறு யாரேனும் விழுந்தார்களா என்று கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவேன்.