செவ்வந்தியின் பீச்சாங்கை

செவ்வந்திக்குப் பிறவியிலேயே பீச்சாங்கைப் பழக்கம். திருப்புலிவனத்தில் அவள் எனக்கு அடுத்த வீடு. சாப்பாட்டு நேரத்தில் அவள் அம்மா அந்தக் கையைத் துணியால் கட்டிவிடுவாள். பள்ளியில் டீச்சர் முட்டியிலேயே போடுவார். சாப்பிடவும் எழுதவும் சோத்தாங்கை பழகிவிட்டது. வளர்ந்து நாற்று நடப் போனபோது மட்டும் இரண்டு கையும் பாயும். அங்கே யாரும் தடுக்கவில்லை. வேலை முடிந்தால் போதும் அவர்களுக்கு.

பிறகு நாங்கள் இருவரும் கார்களுக்கு வயர் பொருத்தும் கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தோம். மூன்று வருஷம் கழித்து, போன மாதம், சிலரை நிரந்தரமாக்கப் போவதாகச் சொன்னார்கள். அதற்கு அடுத்த திங்கட்கிழமை எங்கள் கைவேகத்தைப் பார்ப்பார்களாம். அதற்குமுன் சூப்பர்வைசர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். கைவேலை என்ற கட்டத்தில் எனக்கு 'குட்' என்று இருந்தது. அவளுக்கு 'அம்பிடெக்ஸ்ட்ரஸ்'.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "கையில ஏதோ கோளாறுன்னு எழுதிக்கீறாரு போல" என்றேன்.

அவ்வளவுதான். பீச்சாங்கையை மடியில் ஒளித்துக்கொண்டு ஒற்றைக் கையால் வேலை செய்தாள். அவள் ஒரு தட்டு வயர் முடிப்பதற்குள் நான் இரண்டு முடித்தேன். போனில் அர்த்தம் பார்த்திருக்கலாம். கெட்ட செய்தியைத் தேடிப் பார்க்க இருவருக்கும் தைரியமில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மனசு கேட்காமல், எங்கள் கோயில் ஜான்சன் ஃபாதரிடம் அவளை இழுத்துப் போனேன். அவர் குருமடத்தில் லத்தீன் படித்தவர். தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"பாராட்டிதான்மா எழுதியிருக்காங்க. லத்தீன்ல அம்பின்னா ரெண்டு பக்கமும். டெக்ஸ்டர்னா சோத்தாங்கைப் பக்கம், திறமைசாலின்னும் அர்த்தம். உனக்கு ரெண்டுமே சோத்தாங்கைன்னு சொல்றாங்க."

செவ்வந்தி சிரிக்கவில்லை. "அவங்க ஊர்லயும் பீச்சாங்கைன்னா எளக்காரம்தானா ஃபாதர்? நல்லா வேல செஞ்சா அதுக்கும் சோத்தாங்கைன்னு பேர் வச்சிடுவாங்களா?"

"ஆமாம்மா" என்றார் ஃபாதர், கொஞ்சம் தயங்கி. எனக்கு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை இரண்டு கையும் ஓடின. அவள் நிரந்தரமானாள், நான் ஆகவில்லை. பொறாமை இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் உத்தரவு வாங்க ஆபீசுக்குத் துணையாகப் போனேன். கையெழுத்துப் போடச் சொன்னதும் பேனாவைப் பீச்சாங்கைக்கு மாற்றினாள். எழுத்துகள் கோணல்மாணலாக விழுந்தன.

"இன்னாம்மா இது, சின்னப் புள்ள கையெழுத்தாட்டம் கீது?" என்றார் கிளார்க்.

"அது இன்னிக்குத்தான் சார் ஸ்கூல்ல சேந்துக்கீது" என்றாள்.